ஆள் குறைந்த ஊரில் மராய் எப்படி நிற்கிறது? மாவோரி நாட்டுப்புற வாழ்க்கை குறித்த இழை

வைகறைவாணன் (மதுரை)

நியூசிலாந்தின் வடதீவில், கிஸ்போர்ன் நகரிலிருந்து கிழக்குக் கடற்கரையை ஒட்டி வடக்கே செல்லும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் தோலகா விரிகுடா, தோக்கோமாரு விரிகுடா, ருவாத்தோரியா ஆகிய ஊர்களைக் கடந்து தே அரரோவா வரை அண்மையில் சென்றுவந்தேன். பத்துப் பதினைந்து வீடுகளே இருக்கும் இடத்தில்கூடச் செதுக்குவேலை நிறைந்த பெரிய கூட்ட மண்டபம் ஒன்றும், அதனருகே நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து உண்ணத்தக்க உணவுக்கூடம் ஒன்றும், முன்னே ஒட்ட வெட்டிய புல்வெளியும் இருந்தன. வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. மண்டபமோ அன்று காலையில்தான் பெருக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

நியூசிலாந்தின் முதற்குடிகளான மாவோரிகளின் மராய் எனப்படும் இவ்வளாகத்தைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகளைப் புரட்டினால் ஹாக்கா ஆட்டமும், மூக்கோடு மூக்கு ஒற்றி வணங்கும் ஹோங்கியும்தான் கிடைக்கின்றன. நான் அறிய விரும்புவது வேறு. இளையோர் ஆக்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்ட ஊரில் இதனை யார் நடத்துகிறார்கள், செலவு எங்கிருந்து வருகிறது, சுற்றியுள்ள நிலம் யாருடையது என்பவற்றை அங்கே வாழ்ந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

கரைவழிப்போக்கன் (ருவாத்தோரியா அருகில்)

ஐயா, நான் காரைக்குடிப் பக்கத்தவன். என் மனைவி ங்காத்தி போரோ என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவர். இந்தக் கரையில் நெடுங்காலமாக வாழ்கிறேன். ஆகவே நான் எழுதுவது இவ்வீட்டு மருமகனாக மராய்ச் சமையற்கட்டின் பக்கமிருந்து கண்டது. மற்ற குலங்களின் வழக்கம் சில இடங்களில் மாறுபடும்.

தங்கள் முதற்கேள்விக்கு என் விடை இதுதான்: மராயை நிறுத்தி வைத்திருப்பது சாவு. திருமணம், பிறந்தநாள், பள்ளி மாணவர் முகாம், நிலக்கூட்டம் எல்லாம் அங்கே நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை இல்லாவிட்டாலும் மராய் இருக்கும். தங்கிஹங்கா என்னும் இறப்புச் சடங்கு அங்கே நடவாமற் போனால் அதற்குப்பின் அது வெறுங்கட்டடம்.

பொதுவாக மூன்று நாள் நடக்கும் அச்சடங்கில் உடலை மண்டபத்திற்குள்ளோ அதன் முகப்புத் திண்ணையிலோ திறந்த பெட்டியில் கிடத்துவார்கள். இறந்தவரின் நெருங்கிய உறவினர், குறிப்பாகப் பெண்கள், அதன் இருமருங்கிலும் மெத்தை விரித்து அமர்ந்துவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை உடலை ஒரு நொடியும் தனியே விடுவதில்லை. இரவிலும் அதனருகிலேயே உறங்குவார்கள். துக்கத்தில் இருக்கும் அக்குடும்பத்தார் சமைக்கமாட்டார்கள், பேச்சாளர் வரிசையில் எழுந்து பேசவுமாட்டார்கள். அவர்கள் வேலை அழுவது மட்டுமே. மற்ற எல்லா வேலையும் ஊரார் தலையில் விழும்.

அந்த 'மற்ற எல்லாம்' என்பதற்குள்தான் தங்கள் கேள்விக்கான விடை கிடக்கிறது. ஒரு குழு விடைபெற்று உணவுக்கூடத்திற்குள் நுழையும்போதே அடுத்த குழு வாயிலில் வந்து நிற்கும். ஒவ்வொரு குழுவையும் முதிய பெண் ஒருவர் கரங்கா என்னும் ஓங்கிய அழைப்புக்குரலால் வரவேற்கவேண்டும். அதன்பின் ஆண்கள் உரையாற்றவேண்டும். ஒவ்வோர் உரைக்கும் ஒரு பாட்டு எழவேண்டும். பிறகு கண்ணீரும் ஹோங்கியும். இறுதியில் கட்டாயம் சாப்பாடு. உணவருந்தியபின்தான் வந்தவர் சடங்குத் தூய்மையின் பிடியிலிருந்து விடுபட்டு இயல்புநிலைக்குத் திரும்புகிறார் என்பது நம்பிக்கை. எனவே பந்தியும் சடங்கின் ஓர் உறுப்பே.

சமையற்கட்டில் உழைப்போரை ரிங்கவேரா, அதாவது சூட்டுக்கைக்காரர் என்பார்கள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பகல் முழுவதும் உருளைக்கிழங்கும் கூமரா எனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சீவி, பன்றி எலும்பைப் பூஹா கீரையோடு வேகவைத்து, நள்ளிரவில் கடைசித் தட்டைக் கழுவித் துடைத்துப் படுப்பார்கள். எவருக்கும் ஊதியம் இல்லை. முன்வாயிலில் எவ்வளவு அருமையான உரை நிகழ்ந்தாலும் பின்கட்டில் சோறு குறைந்தால் ஊரின் மதிப்பு போயிற்று. நம் ஊரில் மாப்பிள்ளைக்குத் தலைவாழையிலை விரிப்பார்கள். இங்கே முதல் நாளே என் கையில் கிழங்கு சீவும் கத்தியைக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு மரியாதைதான் என்று புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் ஆயிற்று.

பொருள் எங்கிருந்து வருகிறது என்றால், வருகிற ஒவ்வொரு குழுவும் கோஹா என்னும் காணிக்கையை உறையில் இட்டுத் தன் கடைசிப் பேச்சாளர் வழியாகத் தரையில் வைக்கும். முன்பு கொழுத்த பறவையும் உலர்த்திய மீனும் பாயும் வைத்தார்கள்; இப்போது பெரும்பாலும் பணம். இதைக் கணக்கெழுதி வைப்பார்கள், ஏனெனில் அவர்கள் வீட்டில் சாவு நேர்ந்தால் இதற்குக் குறையாமல் திரும்பச் செய்யவேண்டும். இவை தவிர, குலநிலத்துப் பண்ணையிலிருந்து மாடோ ஆடோ வரும். வேட்டைக்காரர் காட்டுப்பன்றி கொணர்வார்கள். கடலுணவுக்கு 1998ஆம் ஆண்டின் வழக்காற்று மீன்பிடி விதிகளில் இடமுண்டு. அந்தக் கடற்பகுதிக்குக் குலத்தார் அமர்த்திய காவலர் எழுத்தில் அனுமதி அளித்தால், சாவுச் சடங்குக்கும் பெருங்கூட்டத்திற்கும் பாவா சிப்பியும் கடல்முள்ளெலியும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளருக்கான அன்றாட வரம்புக்கு மேலும் எடுக்கலாம். எங்கே, எத்தனை, எந்த நாளில் என்பது அனுமதித்தாளில் இருக்கவேண்டும்.

பனங்காட்டான் (ஆக்லாந்து)

கரைவழிப்போக்கன் எழுதியது உண்மைதான். ஆயினும் வாசிப்பவர்கள் மாவோரி வாழ்க்கை என்றால் கடற்கரைக் கிராமம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதனை எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தவன், தென் ஆக்லாந்தில் பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். என் வகுப்பிலிருந்த மாவோரிப் பிள்ளைகளிற் பலர் தங்கள் குலத்தின் மராயைப் பார்த்ததே இல்லை.

1945இல் மாவோரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தார்கள். 1980களின் நடுவில் அது ஐந்தில் நான்கு பங்காகிவிட்டது. இவ்வளவு பெரிய இடப்பெயர்வு ஒரே தலைமுறையில் நிகழ்ந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். போரின்போது தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது ஒரு காரணம். மாவோரி விவகாரத் துறையைப் பற்றி 1961இல் வெளிவந்த ஹன் அறிக்கைக்குப் பின் அரசாங்கமே குடும்பங்களை ஊரிலிருந்து பெயர்த்து நகரத்தில் வேலையும் வீடும் கொடுத்துக் குடியேற்றியது இன்னொரு காரணம். அவ்வாறு கொடுத்த வீடுகளையும் ஒரே தெருவில் அமையவிடாமல் வெள்ளையர் வீடுகளுக்கிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறவைத்தார்கள். அண்டை வீட்டுக்காரரைப்போல் வாழப் பழகிக்கொள்வார்கள் என்பது அவர்களது கணக்கு.

மக்கள் அதற்கு இணங்கிவிடவில்லை. மேற்கு ஆக்லாந்தில் 1980இல் திறக்கப்பட்ட ஹோவானி வைதித்தி மராய் எந்த ஒரு குலத்திற்கும் உரியதன்று. எல்லாக் குலத்தாரும் சேர்ந்து எழுப்பியது. மாங்கரேயில் உள்ள தே புவேயா மராய் 2016இல் வீடற்றோருக்குத் தன் கதவைத் திறந்துவைத்து, மகிழுந்துகளில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை ஏற்றுக்கொண்டது. ஆக, மராய் சாவினால் நிற்கிறது என்ற கூற்று நாட்டுப்புறத்துக்குப் பொருந்தலாம். நகரத்தில் அதற்கு வேறு உயிர் உண்டு.

கரைவழிப்போக்கன்

பனங்காட்டான் ஐயாவின் திருத்தத்தை வரவேற்கிறேன். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நகரத்தில் பிறந்து நகரத்தில் வாழ்ந்தவரும் இறந்தபின் ஊருக்கு வருகிறார் என்பதுதான் இங்கே நான் காண்பது. ஆக்லாந்திலிருந்து ஊர்தியில் உடலைக் கொண்டுவரும்போது பேரப்பிள்ளைகள் உடன்வருகிறார்கள். பலருக்கு அதுவே ஊருக்கான முதல் பயணம். அந்த மூன்று நாளில் அவர்கள் தட்டுக் கழுவுகிறார்கள், ஒரு பாட்டைக் கற்கிறார்கள், யார் தங்களுக்கு எவ்வழியில் அத்தை என்று தெரிந்துகொள்கிறார்கள். மண்டபம் ஒரு மூதாதையின் உடல் என்பதும் அப்போதுதான் சொல்லப்படுகிறது. கூரைமுகட்டிலுள்ள செதுக்குமுகம் தலை, சாய்ந்திறங்கும் முகப்புப் பலகைகள் கைகள், நடு உத்தரம் முதுகெலும்பு, கூரையின் சாய்வுமரங்கள் விலா எலும்புகள். உள்ளே படுப்பவர் அந்த மூதாதையின் வயிற்றுக்குள் படுக்கிறார்.

உடல் எந்த மண்ணில் அடங்கவேண்டும் என்பதற்காகத் தாய்வழியும் தந்தைவழியும் வாதிடுவதுண்டு. வெளியாருக்கு அது சண்டையாகத் தோன்றும். உள்ளவர்களுக்கோ, கேட்க ஆளில்லாமல் ஒருவர் போவதுதான் இழிவு. சில வேளைகளில் இது நீதிமன்றம்வரை போகிறது. கிறைஸ்ட்சர்ச்சில் 2007இல் இறந்த தூஹோய் குலத்தவர் ஒருவரை உறவினர் வடதீவில் உள்ள குத்தாரேரேக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்துவிட்டார்கள். அவருடைய துணைவியார் வழக்குத் தொடர்ந்தார். உயில் நிறைவேற்றுபவருக்கே இறுதி முடிவு செய்யும் உரிமை உண்டு, ஆயினும் அவர் குலவழக்கையும் கருத்திற்கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இரு பக்கமும் நியாயம் இருந்த வழக்கு அது.

கிராமநிர்வாகி (ஓய்வு, தஞ்சாவூர்)

நிலத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை தரவில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அதையே அறிய விரும்புகிறேன். குலநிலம் என்றால் பதிவேட்டில் குலத்தின் பெயர் இருக்குமா, ஆட்களின் பெயர் இருக்குமா?

நெடுங்கணக்கு (கிஸ்போர்ன்)

ஐயா, நான் இங்கே கணக்காளராக இருக்கிறேன். குலநில அறக்கட்டளைகளின் கணக்குகள் எங்கள் அலுவலகத்துக்கு வருவதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பதிவேட்டில் இருப்பவை ஆட்களின் பெயர்கள், அதிலும் நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கில். இந்நிலை பழைய மரபினால் வந்ததன்று. குடியேற்ற அரசு இயற்றிய சட்டத்தினால் வந்தது.

1840இல் மாவோரித் தலைவர்களுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே வைதாங்கி உடன்படிக்கை கையெழுத்தானபோது நிலம் ஹப்பூ எனப்படும் குலக்கிளையின் கூட்டுடைமையாக இருந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் செயற்பட்ட நிலநீதிமன்றம், ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் பத்துப் பேருக்கு மேற்படாமல் உரிமையாளராக எழுதிக்கொள்ளும் வழக்கத்தைக் கொணர்ந்தது. அந்தப் பத்துப் பேர் கிளையின் சார்பில் நிற்கிறார்கள் என்று ஊரார் எண்ணினார்கள். சட்டமோ அவர்களே முழு உரிமையாளர் என்றது. கடனுக்கும் அளவைக் கட்டணத்துக்கும் நீதிமன்றம் கூடிய நகரத்தில் தங்கிய செலவுக்கும் அந்நிலங்கள் கைமாறின. பிறகு 1873இல் எதிர்த்திசையில் போய், கிளையின் ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தனிப்பங்கு கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தாய்வழியிலும் தந்தைவழியிலும் பங்கு பெறுவதாலும், பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகப் பிரிவதாலும், நான்கைந்து தலைமுறையில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பாய் விரிக்கும் அகலமும் இல்லை.

அதற்கு அரசு கண்ட மருந்து நோயைவிடக் கொடியது. 25 பவுண்டுக்குக் குறைவான மதிப்புள்ள பங்குகளை மாவோரி அறங்காவலர் என்னும் அரசு அதிகாரி கட்டாயமாக வாங்கிக்கொள்ள 1953ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நான்கு பேருக்கு மேற்படாத உரிமையாளர் உள்ள நிலங்களைப் பொதுநிலமாக மாற்றியது 1967ஆம் ஆண்டின் திருத்தம். பங்கு சிறிதென்றாலும் அது ஒருவருக்கு நிற்கும் இடம், அதாவது தன் ஊர் மராயில் எழுந்து பேசுவதற்கான உரிமை என்பதை அச்சட்டங்களை எழுதியவர்கள் அறியவில்லை, அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை. 1975இல் ஃபீனா கூப்பர் அம்மையார் எழுபத்தொன்பதாம் வயதில் வடகோடியிலுள்ள தே ஹாப்புவாவிலிருந்து தலைநகர் வெலிங்டன்வரை நடந்த நிலப்பேரணியைத் தலைமையேற்று நடத்தியது இந்தப் பின்னணியில்தான்.

இன்று மாவோரிகளின் தனித்த உடைமையாக எஞ்சியிருப்பது ஏறத்தாழ 14 இலட்சம் ஹெக்டேர், நாட்டின் பரப்பில் 5 விழுக்காட்டை ஒட்டியது. 1993ஆம் ஆண்டின் தே தூரே ஃபெனுவா சட்டம் அதை விற்காமல் காப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டது. கூட்டுநிலத்தை விற்கவேண்டுமானால் பொதுவாக முக்கால்வாசிப் பங்குடையவர்கள் இசையவேண்டும். அதன்பின்னும் உறவுவழி உரிமையாளருக்கே முதலில் கேட்கும் உரிமை.

காப்பு நன்று, ஆனால் அதற்கு விலை உண்டு. விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்காது. எனவே தன் பாட்டனின் நிலத்தில் வீடு கட்ட விரும்பும் இளந்தம்பதிக்குக் கடன் கிடைப்பது அரிது. அரசு சார்பில் 2010இல் வந்த கடன்திட்டம் ஒன்றில் நிலத்தை விட்டு வீட்டை மட்டும் ஈடாகக் கொள்ளலாம் என்றார்கள். தேவைப்பட்டால் பெயர்த்து எடுத்துச் செல்லத்தக்கதாக வீடு தூண்களின்மேல் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பூட்டிக்கிடக்கும் வீடுகளைக் கண்டதாக வைகறைவாணன் எழுதினார். அவ்வீடுகளுக்குத் திரும்பிவர விரும்புவோரும் உண்டு. நீர்த்தொட்டி, கழிவுத்தொட்டி, செப்பனிடாத பாதை ஆகியவற்றின் செலவைத் தனியொருவர் தாங்க முடியாமல்தான் நின்றுவிடுகிறார்கள்.

இக்கரையில் பிறந்த அபிரானா ங்காத்தா நாடாளுமன்றத்தில் இருந்தபோது, சிதறிய பங்குகளை ஒருங்கிணைத்து ஆட்டுப்பண்ணையும் பாற்பண்ணையும் அமைக்கப் பாடுபட்டார். சிறந்த மாவோரிப் பண்ணைக்காக அவரும் அன்றைய தலைமை ஆளுநர் பிளெடிஸ்லோவும் 1933இல் தொடங்கிவைத்த அஹுஃபெனுவா கோப்பை இன்றும் வழங்கப்படுகிறது. கூட்டுடைமை என்றால் தரிசு என்று எண்ணுவோர் அப்பண்ணைகளை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

கயல்விழி (கோயம்புத்தூர்)

எல்லாரும் மராயைப் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். பெண்கள் சமைப்பதும் அழுவதும் அழைப்பதும், ஆண்கள் எழுந்து பேசுவதும் என்று மேலே எழுதியிருக்கிறது. இதை வேறொரு நாட்டு மரபு என்பதற்காகக் கேள்வி கேட்காமல் கடந்துவிட வேண்டுமா?

கரைவழிப்போக்கன்

கேட்கவேண்டிய கேள்வி, அம்மா. மாவோரிப் பெண்களே இதனைக் கேட்டுவருகிறார்கள். இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். பெண்ணின் அழைப்புக்குரல் எழாமல் எந்த ஆணும் பேச முடியாது. உரை நீண்டு போனாலோ பிழைபட்டாலோ பெண்கள் பாட்டைத் தொடங்கி அவரை உட்காரவைத்துவிடலாம். இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன், பேசியவரின் முகத்தையும் கண்டிருக்கிறேன். மற்றொன்று, இவ்வழக்கம் எல்லாக் குலத்துக்கும் ஒன்றன்று. எங்கள் ங்காத்தி போரோவில் தகுதியுள்ள பெண்கள் எழுந்து உரையாற்றும் மரபு பழையது. தோக்கோமாரு விரிகுடாவில் உள்ள குலக்கிளை ருவாத்தௌபாரே என்னும் பெண்ணின் பெயரையே தாங்கி நிற்கிறது. சமையற்கட்டிலும் ஆண்கள் பாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். குழியடுப்பு முழுவதும் அவர்கள் வேலை. இவ்வளவும் சொன்னபின்னும், வேறு பல குலங்களில் பேச்சாளர் வரிசை ஆண்களுக்கே என்பது மாறவில்லை. அதை அவர்கள் தங்களுக்குள் பேசித்தான் மாற்றவேண்டும், மருமகன் சொல்வதற்கில்லை.

ஆழிமணி (திருநெல்வேலி)

மாவோரிகளிடம் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணி இருந்ததை யாரும் குறிப்பிடவில்லையே! கடல்கோளுக்குமுன் நம்மவர் அங்கே குடியேறியதற்கு அது சான்று அல்லவா?

நெடுங்கணக்கு

மணி உண்மை, கடல்கோள் உண்மையன்று. பாதிரியார் வில்லியம் கொலென்சோ 1830களில் வாங்கரேப் பகுதியில் அதைக் கண்டபோது மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் என்னும் இசுலாமியத் தமிழரின் கப்பல் மணி என்பது அதன் எழுத்திலிருந்தே விளங்குகிறது. இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எவ்வாறு அங்கே வந்தது என்பதற்குச் சான்றில்லை. மாவோரிகளின் முன்னோர் கிழக்குப் பாலினீசியத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் படகேறி வந்தவர்கள். ஒரு மணியை வைத்துக்கொண்டு அவர்களுடைய கடலோடித்திறனை நமதாக்கிக்கொள்வது முறையன்று. இழை மராயைப் பற்றியது, அதற்கே திரும்புவோம்.

தென்கோடி (இன்வர்கார்கில்)

அடுப்பைப் பற்றி வந்ததால் தென்தீவின் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே ரக்கியூரா தீவைச் சுற்றியுள்ள சிறுதீவுகளில் தீத்தீ என்னும் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடிக்கும் உரிமை ரக்கியூரா மாவோரிக் குடும்பங்களுக்கு மட்டுமே உண்டு. 1864இல் தீவை அரசுக்கு ஒப்படைத்த ஆவணத்திலேயே அது காக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மே 31 வரை பருவம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்குரிய நிலப்பகுதி தெரியும். முதற்பாதியில் பகலில் வளைக்குள் கைவிட்டு எடுப்பார்கள். பிற்பாதியில் குஞ்சுகள் இரவில் வெளிவரும்போது விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பார்கள். இறகு பறித்து, பிளந்து, உப்பிட்டு அடைப்பார்கள். பழைய நாளில் கடற்பாசியின் அகன்ற மடலை ஊதிப் பையாக்கி அதில் அடைத்தார்கள்; இப்போது பெரும்பாலும் நெகிழி வாளி. மீனெண்ணெயும் உப்பும் கலந்த அதன் நெடி எனக்கு இன்றுவரை பழகவில்லை என்றாலும், வடதீவில் ஒரு துக்கவீட்டுக்கு அதில் ஒரு வாளி கொண்டுபோனால் கிடைக்கும் மதிப்பு எந்தப் பணத்துக்கும் கிடைக்காது.

பனங்காட்டான்

நான் முன்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். இடர்க்காலத்தில் நாட்டுப்புற மராயின் பயன் வெளிப்பட்டதைப்போல் வேறெப்போதும் வெளிப்படவில்லை. 2016 நவம்பரில் கைக்கோரா நிலநடுக்கத்தால் சாலைகள் அறுந்தபோது தக்கஹங்கா மராய் ஊராருக்கும், சிக்கிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளுக்கும் சிங்க இறால் சமைத்துப் போட்டது உலகச் செய்தியாயிற்று. அது ஏதோ விருந்து என்று எழுதினார்கள். உண்மையில் மின்சாரம் போய்க் குளிர்பெட்டியில் இருந்ததும் கடலில் கிடைத்ததும் பந்திக்கு வந்தன, அவ்வளவே.

கரைவழிப்போக்கன்

எங்கள் பக்கத்தில் 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வந்தபோதும் அப்படித்தான். சாலையும் தொலைபேசியும் அறுந்த ஊர்களில், மெத்தையும் பெரிய பாத்திரமும் எரிவாயு அடுப்பும் ஒரே இடத்தில் இருந்தது மராயில் மட்டுமே. நூறு பேருக்குச் சமைக்க அங்கே எவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாவு வீடுகள் ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டன. ஆனால் ஹாக்ஸ் விரிகுடாவில் தாங்கோயியோ மராயே வெள்ளத்தில் மூழ்கிப்போயிற்று. மூதாதையரின் கல்லறைகள் அருகே இருக்க, மண்டபத்தை மேட்டுக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி மிகக் கடினமானது.

மலைச்சரிவில் நட்ட பைன் மரங்களின் கழிவுக்கட்டைகள் ஆற்றில் அடித்துவந்து கடற்கரையை மூடியதையும் சொல்லாமலிருக்க முடியாது. 1988இல் போலா புயல் மண்ணைக் கரைத்ததால் மண்ணைப் பிடிக்க மரம் நட்டார்கள். அதே மரத்தை வெட்டியபோது மிஞ்சிய கழிவு தோலகா விரிகுடாவை 2018இலும் மறுபடி 2023இலும் நிரப்பியது. சிப்பி எடுக்கும் பாறைகள் சேற்றில் புதைந்தால் துக்கத்துக்கு வருவோருக்கு வைக்கக் கடலுணவு இல்லை. ராஹுயி என்னும் தடையை முதியோர் விதித்து அந்தக் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மேலே காடு வெட்டுவோருக்கு அத்தடை எட்டுவதில்லை.

வைகறைவாணன் எழுப்பாத, ஆனால் எனக்கு மிகுந்த கவலை தரும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கைகள் இன்னும் இருக்கின்றன, குரல்கள்தாம் குறைகின்றன. தட்டுக் கழுவ நகரத்திலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள். வழிவழிப் பெயர்களைப் பிழையின்றிச் சொல்லி மாவோரி மொழியில் உரையாற்றவும் கரங்கா எழுப்பவும் வல்ல முதியோர் ஒவ்வோர் ஆண்டும் குறைகிறார்கள். சில மராய்களில் ஒரே முதியவர் நாள்தோறும் வெவ்வேறு ஊர்த் துக்கத்துக்குப் பேசப் போகவேண்டியிருக்கிறது. 1982இல் தொடங்கிய கோஹங்கா ரேயோ மழலைப் பள்ளிகளில் வளர்ந்த தலைமுறை இப்போது நாற்பதைத் தொட்டிருக்கிறது. அவர்களிற் சிலர் முதியோருக்காகக் காத்திராமல் பேச்சாளர் பலகையில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். தந்தை உயிரோடிருக்கையில் மகன் எழுந்து பேசலாமா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. என் எண்ணத்தில், பலகை வெறுமையாகக் கிடப்பதைவிட இளைஞர் உட்காருவது மேல்.

தோட்டக்காரன் (ஹேஸ்டிங்ஸ்)

இந்த இழையை முழுவதும் படித்தேன். ஆப்பிள் தோட்டத்தில் என்னுடன் பணிபுரிபவரின் தந்தையார் நேற்று இறந்துவிட்டார். நாளை அவர்கள் ஊர் மராய்க்குப் போகவேண்டும். எனக்கு மாவோரி மொழி தெரியாது. எவ்வாறு நடந்துகொள்வது?

கரைவழிப்போக்கன்

தனியாக உள்ளே நடந்துவிடாதீர்கள். வாயிலில் நின்று பிற விருந்தினர் வரும்வரை காத்திருந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். கருநிற உடை நன்று. கோஹா உறையை உங்கள் குழுவின் பேச்சாளரிடம் முன்னரே கொடுத்துவிடுங்கள். அழைப்புக்குரல் எழுந்ததும் பெண்கள் முன்னே செல்ல மெதுவாக நடந்து, உடலுக்குச் சற்று முன்னே நின்று தலைகுனியுங்கள். அழுகை வந்தால் அடக்கவேண்டாம், அங்கே அது குறையாகாது. மண்டபத்திற்குள் காலணியும் உணவும் கூடாது. தலையணைமேல் உட்காராதீர்கள், உணவுமேசைமேலும் உட்காராதீர்கள். அடுக்களையில் கைத்துண்டைக் கண்ட துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதீர்கள். சாப்பிடாமல் கிளம்பிவிடாதீர்கள். இடுகாட்டுக்குப் போனால் வெளிவரும்போது வாயிலில் உள்ள நீரில் கைகழுவிக்கொள்ளுங்கள்.

விடுப்புக் குறித்துக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: நெருங்கிய உறவினர் அல்லாதவரின் இறப்புக்கும் ஒருநாள் துக்கவிடுப்பு வழங்க 2003ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தில் இடமுண்டு, பண்பாட்டுக் கடமையையும் முதலாளி கருத்திற்கொள்ளவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அடக்கம் எத்தனை மணிக்கு என்று இன்றிரவே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்தபின் நேரமிருந்தால் பின்கட்டுக்குப் போய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டுத் துடைக்க நில்லுங்கள். யாரும் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள், அடுத்த தட்டை நீட்டுவார்கள்.